500 டாலருக்குள் ஒரு சின்ன பிஸ்டல்: பாக்கெட்டில் அடங்குவதைப் பார்த்து வாங்காதீர்கள்

கேட்டவர் ஹூஸ்டனுக்கு வெளியே பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த ஒரு கடை நடத்துகிறார். கிரீன் கார்டு இருக்கிறது. இரவு கடையை அடைத்துவிட்டு அன்றைய வசூலோடு தனியாக வண்டி ஓட்டிப் போக வேண்டியிருக்கிறது. 500 டாலருக்குள், சட்டைக்கு அடியில் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்கிறார். ரூகர் எல்சிபி பேன்ட் பாக்கெட்டிலேயே அடங்கிவிடுகிறதே, அதையே எடுத்துவிடலாமா? எச்-1பி விசாவில் இருக்கும் மனைவிக்கும் அதுவே போதுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்சிபி வேண்டாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் 9எம்எம் வாங்குங்கள். கை கடித்தால் பழைய ஷீல்டை செகண்ட் ஹேண்டில் எடுங்கள். மனைவிக்கு இப்போதைக்கு எதுவுமே வேண்டாம். அவர் அதைத் தொடவும் கூடாது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் டெக்சஸுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. சனிக்கிழமைகளில் துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு எடுக்கும் ஒருவருக்கு எடுபிடி வேலை பார்க்கிறேன். இலக்குத் தாள் ஒட்டுவது, காலித் தோட்டாக் கூடுகளைக் கூட்டி அள்ளுவது, புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் நின்று "விரலை ட்ரிக்கரிலிருந்து எடுங்க" என்று நாற்பது தடவை சொல்வது. அந்த வேலையில் கண்டது ஒன்று உண்டு. மிகச் சின்னத் துப்பாக்கியோடு வருகிறவர்கள்தான் வகுப்பில் மிக அதிகம் திணறுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் துப்பாக்கியாக உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் .380 (9எம்எம்மை விடச் சின்ன தோட்டா ரகம்) ஒன்றை வாங்கினேன். கடையில் கையில் எடுத்தபோது பொம்மை மாதிரி லேசாக இருந்தது, அதிலேயே மயங்கிவிட்டேன். ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் முதல் மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு) சுட்டதும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை சுள்ளென்றது. மூன்றாவது மேகசினில் சுடுவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தது. ஐம்பது தோட்டா இருந்த டப்பாவில் முப்பது சுட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் ரேஞ்சுக்கே போகவில்லை. பாக்கெட்டில் அழகாக அடங்கியது, அதை மறுக்கவில்லை.

காரணம் எளிய பௌதிகம். தோட்டா முன்னால் போகும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். கையிலிருக்கும் இரும்பு எவ்வளவு லேசோ, உதை அவ்வளவு கூர்மை. 2008-இல் வந்த எல்சிபியின் எடை 9.4 அவுன்ஸ், அதாவது சுமார் 270 கிராம். ஷீல்டு பிளஸ் ஏறக்குறைய 570 கிராம். எடை இரண்டு மடங்கு. பிடியும் ஒரு விரல் அளவு நீளம். எல்சிபியைப் பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது, அந்தரத்தில் தொங்கும். குறிபார்க்கும் முனைகளும் மச்சம் மாதிரி இருக்கும், இரவில் கண்ணுக்கே தெரியாது. அது மோசமான துப்பாக்கி இல்லை. இருபது வருஷம் சுட்டுப் பழகியவர், கோட் சூட் போட்டுப் போகும் இடத்துக்கு இரண்டாவதாக வைத்துக்கொள்கிற சாமான் அது. முதல் முறை வாங்குகிறவருக்கு ஆகாது. இன்னொன்று, எல்சிபி சுடும் .380 தோட்டா 9எம்எம்மை விட விலை அதிகம், வலு குறைவு. பயிற்சிக்கு ஆகும் செலவும் ஏறும் என்பதை யாரும் கடையில் சொல்வதில்லை.

இப்போது காசுக் கணக்கு. 500 டாலரும் துப்பாக்கிக்கே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ட்ரிக்கரை முழுதாக மூடும் கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பு உறை, 50, 60 டாலர். அந்த எடையைத் தாங்கும் கெட்டியான பெல்ட் 40. பயிற்சிக்கான சாதாரண 9எம்எம் தோட்டா ஐம்பது கொண்ட டப்பா இப்போது 12 முதல் 15 டாலர் வரை. குறைந்தது ஆறு டப்பா வேண்டும். தற்காப்புக்கு வைக்கும், நுனி குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டா இருபதோ இருபத்தைந்தோ கொண்ட டப்பாவே 20 டாலரைத் தாண்டும், அதில் இரண்டு. ஆக, துப்பாக்கிக்கு மிஞ்சுவது 250 டாலர் சொச்சம்தான். இந்த விலையில் புது ஷீல்டு பிளஸ் கிடைக்காது. ஒன்று, இரண்டு மாதம் தள்ளி வாங்குங்கள். இல்லை, பழசுக்குப் போங்கள்.

பழசு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 2012-இல் வந்த முதல் ஷீல்டு, மேகசினைப் பொறுத்து ஏழோ எட்டோ தோட்டா பிடிக்கும். லட்சக்கணக்கில் விற்றது. வாங்கிய பலர் ஒரு டப்பா சுட்டுவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார்கள். 2018-இல் சிக் சாவர் பி365 வந்து, அதே உடம்புக்குள் பத்துத் தோட்டாவை அடைத்துக் காட்டியது. அடுத்த வருஷமே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் பதினொன்றோடு வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் 2021-இல் பத்தும் பதின்மூன்றும் பிடிக்கும் ஷீல்டு பிளஸை இறக்கியது. எல்லாரும் புதுசுக்குத் தாவ, பழைய ஷீல்டுகள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வரிசை கட்டி நிற்கின்றன. 250-300 டாலருக்குத் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) கழற்றிக் குழாயின் உட்புறத்தையும், ஸ்லைடு ஓடும் தடத்தையும் பாருங்கள். மேகசின் எத்தனை தருகிறார் என்று கேளுங்கள். தனியாக வாங்கினால் ஒவ்வொன்றும் 30 டாலர் பக்கம் ஆகும்.

புதுசுதான் வேண்டும், 300-ஐத் தாண்டக் கூடாது என்றால் டாரஸ் ஜி3சி. பிரேசில் கம்பெனி. ஜார்ஜியா மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு தோட்டா பிடிக்கும். எடை, நீளம் எல்லாம் கைக்கு வசதி. இந்தப் பெயரைச் சொன்னாலே ரேஞ்சில் சில பெருசுகள் உதட்டைப் பிதுக்குவார்கள். பழைய மிலேனியம் வரிசை கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று வழக்குப் போய், 2015-இல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது உண்மை. ஜி3சி அதற்கெல்லாம் பிறகு வந்தது. வகுப்புக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை குறை வைக்காமல் சுட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு மக்கர் பண்ணியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதை வாங்கினால் சோதனைச் சுடுதலில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

ரூகரே வேண்டும் என்றால் இசி9எஸ். ஒல்லி, விலை மலிவு, ஏழு தோட்டா. குறிமுனைகள் ஸ்லைடோடு ஒன்றாகவே கடையப்பட்டிருக்கும், பிறகு மாற்ற வழியில்லை. அந்தச் சிக்கனத்தால்தான் விலை குறைவு. ஹைபாயிண்ட் சி9 இதைவிட மலிவு, ஆனால் சுமார் 800 கிராம் செங்கல். வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம், இடுப்பில் ஆகாது. ஐந்து குண்டு ரிவால்வரைச் சிலர் சொல்வார்கள். சிக்காது, எளிமை, எல்லாம் சரி. அதன் விறைப்பான ட்ரிக்கரை இழுப்பதற்குள் புதியவரின் கை நடுங்கிக் குறி எங்கோ போய்விடும். கிளாக் 43எக்ஸ், பி365 எல்லாம் அருமையான சாமான்கள். உங்கள் பட்ஜெட்டை முழுசாக விழுங்கிவிடும், அவ்வளவுதான்.

இதில் எதையும் என் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். பெரிய ரேஞ்சுகளில் பத்து, பதினைந்து டாலருக்கு வாடகைத் துப்பாக்கி உண்டு. ஷீல்டு, ஜி3சி, எல்சிபி மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள். ஊத்தப்பம் அளவுள்ள காகிதத் தட்டு ஒன்றை ஏழு கஜத்தில் மாட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மேகசின் சுடுங்கள். முதல் ஐந்து குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். கடைசி ஐந்து தட்டில் எங்கே விழுந்தன என்று பாருங்கள். கை அலுத்த பிறகு எது தட்டுக்குள் நிற்கிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கி. கடைக்காரரோ நானோ சொல்லத் தேவையில்லை, தட்டு சொல்லிவிடும்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது இரண்டு. பிடியை அழுத்திப் பிடித்த நிலையில் ஆட்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிக்கரின் நடுவில் உட்காருகிறதா? விரல் எட்டாமல் பிடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உங்கள் அளவு இல்லை. இரண்டாவது, ஸ்லைடை இழுக்க முடிகிறதா. சின்னத் துப்பாக்கிகளில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். ஸ்லைடை மட்டும் பின்னால் இழுத்தால் வராது. அதை இடக்கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலக்கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள், இரண்டு கையும் எதிரெதிரே போக வேண்டும். குழாய் முனை எந்நேரமும் இலக்குப் பக்கமே இருக்கட்டும். நம் ஆட்கள் ஸ்லைடோடு மல்லுக்கட்டும்போது துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பி அடுத்த வரிசையில் நிற்பவர் வயிற்றுக்கு நேராக நீட்டிவிடுவார்கள். நான் மிக அதிகம் கத்துவது அப்போதுதான்.

வாங்கிய பிறகு 200 சாதாரணத் தோட்டா, பிறகு நீங்கள் இடுப்பில் வைக்கப் போகும் அதே ஹாலோ பாயிண்டில் ஒரு டப்பா. ஒருமுறைகூடச் சிக்காமல் ஓட வேண்டும். சிக்கினால் முதலில் உங்கள் மணிக்கட்டைச் சந்தேகப்படுங்கள். கையைத் தளர்வாக வைத்தால் ஸ்லைடு பின்னால் முழுதாகப் போகாமல் காலிக்கூடு மாட்டிக்கொள்ளும். பழகிய ஒருவர் சுட்டும் சிக்கினால் மேகசினை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கம்பெனிக்கு அனுப்புங்கள். சந்தேகம் தீரும்வரை இடுப்பில் ஏற்றாதீர்கள்.

ஹோல்ஸ்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் முரட்டுப் பிடிவாதக்காரன். பத்து டாலர் துணி உறை வாங்குகிறவரை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பச் சொல்வேன். இந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் ட்ரிக்கரைத் தடுக்கும் தனி சேஃப்டி விசை கிடையாது. ட்ரிக்கரை அழுத்தினால் வெடிக்கும், அழுத்தாவிட்டால் வெடிக்காது. அப்படியென்றால் ட்ரிக்கரை எதுவும் தொடாமல் காப்பது அந்த உறைதான். துணி உறை மடங்கி உள்ளே போகும், கூடவே சட்டை நுனியும் போகும். திரும்ப உறையில் வைக்கும்போது அவசரமே வேண்டாம். சட்டையை ஒரு கையால் மார்புவரை தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெல்ல இறக்குங்கள். பாக்கெட்டில் சாவியோடும் சில்லறையோடும் சேர்த்துத் துப்பாக்கியைப் போடுவதைப் பற்றி நான் எழுதவே தேவையில்லை என்று நம்புகிறேன். இடுப்பில் வலதுபக்கம், எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்து, ஒரு அளவு பெரிய சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டுகிற அன்று வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள், வேட்டி மடிப்பு பெல்ட் ஆகாது.

சட்டப் பக்கம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே உடன் எடுத்துப் போகலாம். அதனால் லைசென்ஸ் எதற்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள். எடுங்கள், மாநிலக் கட்டணம் 40 டாலர்தான். பள்ளிக்கூட எல்லையிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது, மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. உங்கள் கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளிக்கூடம் என்று மேப்பைத் திறந்து பாருங்கள், புரியும். சுடும் தேர்வு ஐம்பது குண்டு: 3 கஜத்தில் இருபது, 7 கஜத்தில் இருபது, 15 கஜத்தில் பத்து. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. குட்டித் துப்பாக்கியோடு வருகிறவர்களின் சாயம் வெளுப்பது அந்த 15 கஜத்தில்தான்.

கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவம் நிரப்பச் சொல்வார்கள். கிரீன் கார்டு, இப்போதைய முகவரியுள்ள டிரைவிங் லைசென்ஸ் இரண்டையும் கொண்டுபோங்கள். கார்டில் உள்ள யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்றத் துறை) எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். பிறகு எஃப்பிஐ பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும், சிலருக்கு நாட்கணக்கில் இழுக்கும். நம் பெயர்களில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்ற பழைய குழப்பம் இங்கேயும் வரும், எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நண்பர் காசு கொடுத்து "உன் பேர்ல வாங்கிக் கொடுடா" என்றால் ஓடிவிடுங்கள். அது மத்தியக் குற்றம்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் சேர்த்தி. நம் ஆட்கள் வாரக்கடைசியில் கும்பலாக ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்து முகநூலில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். சில விலக்குகள் இருக்கின்றன. அவற்றில் நமக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். டெக்சஸில் அது ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும், வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். விசாவும் சேர்ந்து பாதிக்கப்படும் விஷயம் என்பதால், உரிமம் எடுப்பதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவரை உங்கள் துப்பாக்கி அவர் கைக்கு எட்டாத பெட்டியில், உங்களுக்கு மட்டும் தெரிந்த எண் பூட்டில் இருக்கட்டும். அவருக்கு கிரீன் கார்டு வந்த பிறகு, அவர் கைக்கு ஏற்றதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஸ்லைடு இழுக்க லேசான ஷீல்டு ஈசி மாதிரி சிலவை இருக்கின்றன. இருவருக்கும் ஒரே துப்பாக்கி என்பது இருவருக்கும் ஒரே செருப்பு என்பது மாதிரி.

குழந்தைகள் இருந்தால் அந்தப் பெட்டி இன்னும் முக்கியம். 17 வயதுக்குக் கீழ் இருப்பவர் கைக்கு, குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விட்டால் டெக்சஸில் பெற்றோர் மேல் வழக்கு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதையும் சொல்லி வைக்கிறேன். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருக்கும் காலம் என்றால் இந்தக் கொள்முதலைத் தள்ளிப்போடுங்கள். கடை எங்கும் ஓடிவிடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. இரவு வசூலை எடுத்துப் போவதற்குத் துப்பாக்கி விடை இல்லை. கடையில் காசு போட்டால் போட்டதுதான், திறக்க நேரம் பிடிக்கும் டிராப் சேஃப் ஒன்று வையுங்கள். பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரத்தில் பாங்குக்குப் போங்கள். எவனாவது பையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இரவில் திருடனிடமிருந்து சொத்தைக் காக்கச் சுடுவதற்கு டெக்சஸ் சட்டம் சில நிலைமைகளில் இடம் கொடுக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னது சரிதான். அந்த "சில நிலைமைகள்" உங்கள் வழக்கில் இருந்தனவா என்று தீர்மானிக்கப் போகிறது பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, அதுவரை வக்கீல் பீஸ் உங்கள் ஒரு வருஷ வசூலைத் தின்றுவிடும். இடுப்பில் இருப்பது உயிர் போகும் நிலைக்கு மட்டும்.

ஊருக்குப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 9எம்எம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். துப்பாக்கியை யாரும் சென்னைக்குக் கொண்டுபோகப் போவதில்லை. ஆனால் ரேஞ்சுக்கு எடுத்துப் போன முதுகுப்பையையே ஊருக்கும் எடுத்துப் போகிறார்கள், உள்ளே ஒரு தோட்டா தங்கிவிடுகிறது. விமான நிலையத்து எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும். தெரியாமல் வந்துவிட்டது என்று பிறகு நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம்தான். அதற்குள் ஆயுதச் சட்டத்தில் எஃப்ஐஆர், போன விமானம், அலைச்சல்.

எனக்கே நடக்கவிருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நள்ளிரவில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் சார்ஜரைத் திணிக்கும்போது விரலில் சில்லென்று ஏதோ உருண்டது. பித்தளை நிறத்தில் ஒரே ஒரு 9எம்எம். மறுநாளே ரேஞ்சுக்கென்று மஞ்சள் நிறத்தில் தனிப் பை ஒன்று வாங்கினேன். அது கராஜை விட்டு வேறெங்கும் வருவதில்லை.